தடுக்கப்பட்ட சட்டையும் ஒரு சுவரொட்டியும்

(உடை பற்றிய கண்காட்சி ஒன்றைத் திட்டமிட்டுவரும் மாணவர்களுக்கான சுவரொட்டிப் பயிலரங்கில், புதுச்சேரியில் பேசியதன் எழுத்து வடிவம்)



உடையின் வரலாறு பற்றிக் கண்காட்சி ஒன்று வைக்கப்போகிறோம். அதற்கான சுவரொட்டி, அழைப்பிதழ், துண்டறிக்கை இவற்றை எப்படி வடிவமைப்பது என்று பேச வேண்டும் எனக் கேட்டிருந்தீர்கள். நான் ஓவியன் இல்லை. கம்ப்யூட்டரில் லேஅவுட் போடத் தெரிந்தவனும் இல்லை. வங்கியில் கிளார்க், கவிதை எழுதுகிறவன், அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் சுவரொட்டி என்பது என்ன? மேலே நாலு வார்த்தை, நடுவில் ஒரு படம், அடியில் சில பெயர்கள். நாலு வார்த்தைக்குள் சொல்லி முடிப்பது கவிதைக்காரன் வேலை. அடியில் யார் பெயர் இருக்கு, யார் பெயர் இல்லை என்று பார்ப்பது கிளார்க் வேலை. இந்த ரெண்டு தொழிலையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். இடையில் குறுக்கிடலாம், சண்டையும் போடலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கண்காட்சிக்குள் வருகிறவர் நூறு பேர் என்றால், சுவரொட்டியை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போகிறவர் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேருக்கு சுவரொட்டிதான் கண்காட்சி. உள்ளே எவ்வளவு நியாயமாக எழுதி வைத்தாலும், வெளியே ஒட்டியதில் ஒருவர் இல்லை என்றால், அந்த ஆயிரம் பேரைப் பொறுத்தவரை அவர் வரலாற்றிலேயே இல்லை. அதனால் சுவரொட்டியை ‘வெறும் விளம்பரம்’ என்று ஒதுக்க வேண்டாம். அது கருத்தியல் வேலை செய்கிற இடம்.

இந்தியத் துணியையும் உடையையும் வைத்துப் பெரிய அருங்காட்சியகங்கள் நடத்திய கண்காட்சிகளின் தலைப்புகளை மட்டும் பாருங்கள். 1985இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்தது ‘அரச இந்தியாவின் உடைகள்’. 2015இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘இந்தியாவின் துணி’. 2020இல் டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் ‘உலகை மாற்றிய துணி’. 2023இல் மும்பையில் நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையத்தில் ‘ஃபேஷனில் இந்தியா’. அதே ஆண்டில் லண்டன் டிசைன் அருங்காட்சியகத்தில் சேலையை மட்டும் வைத்து ஒன்று.

இந்தத் தலைப்புகளின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எழுவாய் ஒன்று துணி, இல்லையென்றால் இந்தியா. மனிதர் யாரும் இல்லை. மனிதர் வந்தால் அரசர் வருகிறார். ‘உலகை மாற்றிய துணி’ என்றால் துணி தானாக எழுந்து போய் உலகத்தை மாற்றியதா? பருத்தியைப் பறித்தது யார், நூற்றது யார், சாயத் தொட்டிக்குள் இறங்கி நின்றது யார், மூட்டையைத் தூக்கி மசுலா படகில் ஏற்றியது யார்? தலைப்பில் இவர்களுக்கு இடமில்லை. இந்தக் கண்காட்சிகள் எல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. லண்டன் கண்காட்சி முதல் கூடத்திலேயே பஞ்சையும் சாயத்தையும் தறி வேலையையும் விளக்கித்தான் தொடங்கியது. திப்புவின் கூடாரம் உட்பட சுமார் 200 பொருட்கள் இருந்தன. உழைப்பை மதிக்கிற ஆய்வாளர்களின் வேலை அது. அந்த மதிப்பு ஏன் வாசலைத் தாண்டி வெளியே வருவதில்லை என்பதுதான் என் கேள்வி.

இப்போது அடிவரிக்கு வாருங்கள். 2015 லண்டன் கண்காட்சியின் அறிவிப்புகளில் புரவலர்களாக நன்றி சொல்லப்பட்டவர்களில் வைர வியாபாரி நீரவ் மோடி ஒருவர். 2018இல் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளியானபோது நாடே அறிந்த பெயர். பதின்மூன்றாயிரம் கோடிக்கும் மேல் என்று சொல்லப்படுகிற வழக்கு. எங்கள் கவுண்டரில் கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் கூலிக்காரப் பெண்ணின் விடுமுறைப் பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, பணம் கொடுத்தவருக்கு சுவரொட்டியில் பெயர் இருக்கிறது. நெய்தவருக்கு உள்ளே ஒரு சீட்டில் ‘பெயர் அறியப்படாத கைவினைஞர்’ என்று இருக்கிறது. வங்கியில் கையெழுத்தில்லாத காசோலை செல்லாது. அருங்காட்சியகத்தில் கையெழுத்தில்லாத உழைப்பு மட்டும் நன்றாகச் செல்லுபடியாகிறது.

‘அறியப்படாத’ என்பது இயற்கையாக நிகழ்ந்தது இல்லை. உதாரணத்துக்கு நம்மையே எடுத்துக்கொள்வோம். பறையர் என்றால் பறை, பிணம், வயல் வேலை என்று மூன்று படம்தான் பொதுப்புத்தியில் இருக்கு. ஆனால் பதினோராம் நூற்றாண்டை ஒட்டிய சோழர் கல்வெட்டுகளில் உழவுப் பறையர், நெசவுப் பறையர் என இரு பிரிவுகள் குறிக்கப்பட்டிருப்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலேயே பார்க்கலாம். கோலியர் என்ற நெசவுப் பிரிவினரைப் பறையரோடு தொடர்புபடுத்தும் குறிப்பும் அங்கே இருக்கு. அதாவது துணி வரலாற்றில் நாம் உடுத்த மறுக்கப்பட்டவர்கள் மட்டுமில்லை, நெய்தவர்களும்கூட. தென்னிந்தியத் துணி பற்றி எத்தனையோ பளபளப்பான புத்தகம் வந்துவிட்டது. ‘நெசவுப் பறையர்’ என்ற சொல்லை அட்டையில் போட்ட ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். புதுச்சேரி அருங்காட்சியகம் இருப்பது செயின்ட் லூயி வீதியில். ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டிலும் ஒரு செயின்ட் லூயி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் பழைய துறைமுகம். இந்த ரெண்டு செயின்ட் லூயிக்கும் இடையில் ஒரு துணி போய்க்கொண்டிருந்தது. பேர் ‘கினே’. அவுரிச் சாயத்தில் முக்கி முக்கிக் கருநீலமாக்கிய பருத்தித் துணி. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் போனது. செனகல் ஆற்றங்கரையில் அது வெறும் துணி இல்லை, காசு. அதைக் கொடுத்து அராபிக் பிசின் வாங்கினார்கள். இந்தியத் துணிகளைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களையும் வாங்கினார்கள். நம்ம ஊர்க்காரன் கை நீலமாகி நெய்த துணி, இன்னொரு கறுப்பு மனிதனின் விலையாக மாறியிருக்கிறது. ‘ஃபேஷன்’ என்ற சொல்லுக்குள் இதெல்லாம் அடக்கம்.

1828-29இல் இங்கே சவானா ஆலை வந்தது. கைத்தறி நீலத்தோடு எந்திர நீலமும் சேர்ந்தது. பிறகு கெப்ளே, 1898இல் ரோடியர். பிற்காலத்தில் சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. என்று நமக்குத் தெரிந்த பெயர்கள். 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு நிர்வாகம் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அதற்குப் பின், 1937இல்தான் எட்டு மணி நேர வேலை சட்டமானது. 2020இல் ஏ.எஃப்.டி. ஆலையை ஒரேயடியாக மூடினார்கள். இன்று வெள்ளை நகரத்துக் கடைகளில் ‘பாண்டிச்சேரி நீலம்’, ‘பிரெஞ்சு நீலம்’ என்று எதையெதையோ விற்கிறார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் நீலம் ரசனை. இந்தப் பக்கம் கடலூர் சாலையில் நீலம் பூட்டிய கேட்.

விளம்பர வார்த்தைக்கு என்ன பலம் என்று காட்ட ஒன்று சொல்கிறேன். 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்கு மெட்ராஸ் கட்டம் போட்ட துணி போனது. துவைத்தால் சாயம் ஓடியது. வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். விற்றவர்கள் என்ன செய்தார்கள்? ‘சாயம் ஓடும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்தார்கள். குறை அழகாகிவிட்டது. இங்கிலீஷில் சாயம் ஓடுவதற்கும் ரத்தம் ஓடுவதற்கும் ஒரே வார்த்தை. ‘ரத்தம் கசியும் மெட்ராஸ்’ என்ற பேரில் அது ஃபேஷனானது. நாலு வார்த்தை ஒரு குறையை அழகாக மாற்றும் என்றால், நாலு வார்த்தை ஒரு மறைப்பை உடைக்கவும் முடியும். நம் வேலை இரண்டாவது.

இப்போது முக்கியமான விஷயம், படம். நீங்கள் தயாரித்த மாதிரிகளைக் காலையில் காட்டினீர்கள். மூன்றில் இரண்டில் பழைய காலனியப் புகைப்படம் இருக்கிறது. மார்பு திறந்த ஒரு பெண், கோவணம் கட்டிய ஒரு ஆள். ‘உண்மை இதுதானே தோழர், அதிர்ச்சி கொடுக்க வேண்டாமா?’ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படத்தை எடுத்தது யார்? 1868 தொடங்கி எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ ஆல்பம் முதல் அந்த வகைப் படங்களின் வழக்கம் ஒன்றே. ஆளை நிறுத்தி, எடுத்து, கீழே சாதிப் பெயரை எழுதுவது. ஆளின் பெயர் இருக்காது. உடம்பு மாதிரிப் பொருள். ஆதிக்க சாதி உடையைப் பறித்தது. வெள்ளைக்காரன் உடை பறிக்கப்பட்ட உடம்பைப் படமெடுத்தான். மூன்றாவதாக அதையே பெரிதாக்கி நாம் சுவரில் ஒட்டப்போகிறோமா? அந்தப் பெண்ணுக்குப் பேத்தி இருப்பாள். அவள் பஸ் ஸ்டாண்டில் நின்று அதைப் பார்ப்பாள்.

பரிதாபம் ஒரு உடை இல்லை தோழர்களே. அதை யாரும் உடுத்திக்கொள்ள முடியாது.

அப்போ எதைப் போடுவது? தடுக்கப்பட்ட உடம்பைப் போடாதீர்கள், தடுக்கப்பட்ட பொருளைப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் 1946இல் சாதி பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள் மேல் கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை அதில் பதிவு செய்திருக்கிறார். என் வார்த்தையில் சொல்கிறேன். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் வேட்டி முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் வரக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப் வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி எதையும் கொண்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது, காலுக்குச் செருப்பு கூடாது. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாகின.

கிளார்க் புத்தியில் எண்ணிப் பார்த்தேன். எட்டில் மண்பாண்டம் ஒன்றைத் தவிர ஏழும் தோற்றத்தைப் பற்றியவை. நிலத்தைப் பற்றி, கூலியைப் பற்றி அந்த முதல் பட்டியலில் பேச்சே இல்லை. சட்டை, குடை, கிராப், பூ. ஏன்? ஏனென்றால் சாதி கண்ணால் பார்த்து நடத்தப்படுகிற ஆட்சி. தூரத்திலிருந்து வருகிறவன் யார் என்று தெரிந்தால்தான் வரப்பில் யார் இறங்க வேண்டும் என்று முடிவாகும். உடை அந்த ஆட்சியின் அடையாள அட்டை. ஃபேஷன் கண்காட்சிகள் உடையைத் ‘தன்னை வெளிப்படுத்தும் சுதந்திரம்’ என்கின்றன. நம் வரலாற்றில் உடை என்பது பிறர் நம்மை வாசிக்க எழுதி வைத்த எழுத்து. அதை அழித்து நாமே எழுதிய கதையைத்தான் நீங்கள் காட்டப்போகிறீர்கள்.

இது ராமநாதபுரத்துக் கதை மட்டும் இல்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலை 26ஆம் நாள் வந்த ஆணை மேலுடம்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதாவது மறைப்பது பரவாயில்லை, ஒன்றுபோல இருப்பதுதான் குற்றம்.

நம்ம ஊரிலும் துணியும் சாதியும் அக்கம்பக்கமாகவே கிடக்கின்றன. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745 அக்டோபர் பக்கங்களைப் புரட்டுங்கள். கோயிலுக்குள் பறையர்களைத் தனியே பிரிக்க எழுப்பிய சுவர் இடிபட்ட செய்தி இருக்கு. அங்கேயே, மெல்லிய துணி உடுத்தி வந்த ஒரு சாதிக் கிறித்தவப் பெண்ணைப் பாதிரியார் கண்டித்த செய்தியும் இருக்கு. ஒருத்திக்குத் துணி மெல்லிசாக இருந்தது பிரச்சினை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு 1873. பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர், வேளாளர், அய்ரோப்பிய பூட்ஸ் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். நீதிமன்றம் ஆட்சேபித்தது. அவர் பாரிஸ் மன்றம் வரை போய் வென்றார். 1881 செப்டம்பரில் சாதி, சமயம் சார்ந்த தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆணை வந்தபோது, முதலில் துறந்து ‘லாப்போர்த்’, அதாவது கதவு, என்று பெயர் வைத்துக்கொண்டவரும் அவரே. அவர் திறந்த கதவு வழியே போனவர்களில் கணிசமானோர் நம்மவர்கள். அவருக்கு மரியாதை செய்வோம். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்சாதிக் காலில் இருந்த பூட்ஸ் பாரிஸ் வரை நடந்து சட்டப் புத்தகத்தில் ஏறியது. சேரிக்காரன் கையில் தூக்கிக்கொண்டு போன செருப்புக்கு எந்த மன்றத்திலும் வழக்கு எண் இல்லை.

அம்பேத்கர் இதை முழுசாகப் புரிந்துகொண்டவர். 1927 டிசம்பரில் மகத் மாநாட்டில் பெண்களிடம் உடை பற்றித் தனியாகவே பேசினார். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோலச் சேலை உடுத்துங்கள், தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்றார். காந்தி 1921இல் மதுரையில் மேல்சட்டையைக் கழற்றினார். கழற்றுவதற்கு அவரிடம் சட்டை இருந்தது. கழற்றிய பிறகும் மகாத்மாவாகவே இருந்தார். சட்டையே கூடாது என்று சொல்லப்பட்ட மக்களின் தலைவர் மூன்று பகுதி சூட் போட்டார். இன்னிக்கும் சிலர், ‘ஏழைகளின் தலைவர் ஏன் கோட்டு சூட்டில் நிற்கிறார்?’ என்று கேட்கிறார்கள். எட்டுத் தடைகளைப் படித்தவன் கேட்க மாட்டான். நாக்பூர் பக்கம் சிச்சோலியில் அவருடைய உடைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தியாவின் ஆக முக்கியமான உடைக் காட்சி அதுதான். எந்த அரசனுடைய ஜரிகை அங்கியும் அந்தக் கோட்டுக்கு முன்னால் வெறும் துணி.

வங்கியில் பழைய கணக்குத் திறப்புப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை சில மாதம் எனக்கு இருந்தது. அதில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் படங்களில் ஒன்றைக் கவனித்தேன். கூலி வேலை என்று எழுதியவர், துப்புரவு என்று எழுதியவர், ஆலைத் தொழிலாளி என்று எழுதியவர். பல படங்களில் ஒரே கோட்டு. அதே அகலக் காலர், அதே கோடு, ஒருவருக்குத் தோள் தொங்குது, இன்னொருவருக்குப் பித்தான் எட்டவில்லை. அது ஸ்டுடியோக் கோட்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு போட்டோ ஸ்டுடியோவிலும் கண்ணாடி பக்கத்தில் ஆணியில் ஒரு கோட்டும் ஒரு டையும் தொங்கும். யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். சாதி கேட்காமல் தோளில் ஏறிய உடை அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தப் படங்களில் எல்லோரும் காமிராவை நேராகப் பார்க்கிறார்கள். காலனிய ஆல்பத்துப் பார்வை இல்லை அது.

இதன் தொடர்ச்சிதான் இன்றைக்குச் சேரி முனையில் நிற்கிற ஃபிளெக்ஸ் பேனர். அம்பேத்கர் பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் நீலப் பின்னணியில் பையன்கள் கோட்டு, கூலிங் கிளாஸ், ஹேர்ஸ்டைலோடு நிற்கிறார்கள். தலை ஒருவனுடையது, கோட்டு கம்ப்யூட்டரில் ஒட்டியது. ரசனை தெரிந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நம்மில் படித்தவர்களும்கூட, சொல்லத்தான் வேண்டும். நான் அந்த பேனரை 1930 டிசம்பரின் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கிராப் கூடாது என்றாய், பார். சட்டை கூடாது என்றாய், கோட்டே போட்டிருக்கிறேன் பார். செயின், ஷூ, எல்லாம் வரிசையாக இருக்கிறது. எட்டுத் தடைக்குப் பதில் எழுதியவர்கள் அந்த டிடிபி பையன்கள். உங்கள் சுவரொட்டிக்கு வடிவமைப்பாளரைத் தேடிக் கலைக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அந்தப் பையன்களைக் கூப்பிடுங்கள்.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அந்த வாக்கில்தான் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 2017இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஃபேஷன் பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. உலகத்தை மாற்றிய 111 உடைப் பொருட்கள். அதில் சேலை இருந்தது, ஜீன்ஸும் இருந்தது. அங்கே அருங்காட்சியகப் பொருள், இங்கே குற்றச்சாட்டு. 2023 மே மாதம் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் நல்ல சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டதற்காக ஒரு தலித் இளைஞர் அடிக்கப்பட்டதாக வழக்கு. பட்டியல் இன்னும் முடியவில்லை.

அதனால், கைவேலையாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

தலைப்பில் ‘பாரம்பரியம்’, ‘நெசவின் கவிதை’ இந்த மாதிரி வார்த்தை வேண்டாம். கவிதை எழுதுகிறவனே சொல்கிறேன், வேண்டாம். வினைச்சொல் இருக்கட்டும், ஆள் இருக்கட்டும். நெய்தோம், தடுத்தார்கள், உடுத்தினோம். மூன்றே சொல். மூன்றுக்கும் எழுவாய் உண்டு.

படம் ஒரே ஒரு பொருள். ஸ்டுடியோக் கோட்டு ஆணியில் தொங்கட்டும். அல்லது ஒரு குடை, ஒரு ரவிக்கை, ஒரு ஜோடிச் செருப்பு. எட்டுச் சுவரொட்டி எட்டுப் பொருளாகவும் செய்யலாம். கிழிந்ததைப் போடாதீர்கள். புதுசாக, இஸ்திரி போட்டு, சுவரளவுக்குப் பெரிசாக இருக்கட்டும். பக்கத்தில் சிறிய எழுத்தில் தடையும் ஆண்டும். பார்க்கிறவன் முதலில் அழகைப் பார்ப்பான், பிறகு வாசிப்பான். அந்த வரிசை முக்கியம். ஃபேஷன் விளம்பரத்தின் வித்தையை எதிரிக்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நிறம் நீலம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நல்லது. கொடி நீலம் என்பதால் மட்டும் வேண்டாம். இது கினே நீலமும்தான், பூட்டிய ஆலையின் நீலமும்தான் என்று துண்டறிக்கையில் ரெண்டு வரி எழுதுங்கள். அதை முதலில் தமிழில் எழுதுங்கள். பிரெஞ்சும் இங்கிலீஷும் பிறகு வரட்டும்.

நேரத்தைப் பாருங்கள். காலை பத்து முதல் மாலை அய்ந்து என்று அச்சடித்தால் யார் வர முடியாது? எந்தத் துணியை நெய்தார்களோ, துவைத்தார்களோ, தைத்தார்களோ அவர்கள் யாரும் வர முடியாது. இரவு ஒன்பது வரை என்று போடுங்கள். ‘கட்டணம் இல்லை’ என்பதைத் தலைப்புக்கு அடுத்த பெரிய எழுத்தில் போடுங்கள். அருங்காட்சியக வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்களோ, நாலு பேர் நம்ம உடையைப் பார்ப்பார்களோ என்று தயங்குகிற மனுஷி நம்ம வீட்டிலேயே இருக்கிறாள். ‘எந்த உடையிலும் வரலாம்’ என்று ஒரு வரி போட்டால் காசு அதிகம் ஆகாது.

கடைசியாக அடிவரி. புரவலர் பெயர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் போடுங்கள், கடைசியில். அதற்கு முன்னால் கோட்டைத் தைத்தவர், சட்டையை இரவல் கொடுத்தவர், துவைத்து இஸ்திரி போட்டவர், லேஅவுட் செய்த பையன், அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு, எப்படி எழுத வேண்டும் என்று அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்குச் சாதி தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர் இருப்பார். அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு ஒரு கோடு மட்டும் போடுங்கள். அறியப்படாதவர் என்று எழுதாதீர்கள், நமக்கு அவரைத் தெரியும்.

அச்சுக்குப் போக இன்னும் சில நாள் இருக்கிறது என்றீர்கள். படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்துப்பிழை பார்க்க நான் வருகிறேன். ஒட்டுவதற்கும் வருகிறேன், முதல் பிரதியைக் கடலூர் சாலை ஆலைச் சுவரில் ஒட்டுவதாக இருந்தால்.